யோசனை சொல்பவருக்குப் பதில் சொல்லுங்கள்: நிறுவனத் தலைவர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், மனிதவளத் துறையை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான். சுற்றுச்சூழல் பற்றி உங்கள் ஆண்டறிக்கைகளில் வருவதைத் தவறாமல் வாசிக்கிறேன். உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று நீங்கள் மரக்கன்று நடும்போது பக்கத்தில் நிற்கிற கூட்டத்தில் நானும் இருக்கிறேன். உங்கள் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த அக்கறை இயந்திரம் ஓடுகிற இடம் வரைக்கும் வந்து சேருவதில்லை. ஏன் வந்து சேருவதில்லை, வந்து சேர நீங்கள் இரு தரப்பும் என்ன செய்ய முடியும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. எந்த வால்வு ஒழுகுகிறது, எந்த மோட்டார் வேலை இல்லாத நேரத்திலும் சும்மா சுற்றுகிறது, எந்த டிரம்மில் அடியில் தங்கும் ரசாயனம் அப்படியே கழிவுக்குப் போகிறது, எந்தப் பொட்டலத்துக்கு இரண்டு சுற்று பிளாஸ்டிக் தேவையே இல்லை என்பதெல்லாம் அங்கே தினமும் நிற்கிறவருக்குத் தெரியும். அவர் அதைச் சொல்வதில்லை. அல்லது ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். பசுமைப் புத்தாக்கம் என்று மேடையில் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இந்த இடத்திலேயே செத்தும் போகிறது.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அழுத்தக் காற்று. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் இல்லாத தொழிற்சாலை அரிது. காற்றுதானே என்று எல்லோரும் அதை இலவசம் போலப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் ஆலைக்குள் பயன்படும் ஆற்றலில் மிகவும் செலவு பிடிப்பவற்றில் அதுவும் ஒன்று. கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது. மிச்சத்திலும் ஒரு பங்கைக் கசிவு தின்கிறது. சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போய்விடலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை தன் வழிகாட்டிக் குறிப்புகளில் சொல்கிறது. கசிவால் வரிசையின் கடைசி இயந்திரத்துக்கு அழுத்தம் போதாமல் போகும். அதைச் சரிக்கட்ட யாராவது கம்ப்ரசரின் அழுத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூட்டினால் மின்சாரச் செலவு சுமார் 7 சதவீதம் ஏறும். அழுத்தம் ஏறியதால் கசிவும் கூடும். கூடிய கசிவால் மறுபடியும் அழுத்தம் போதாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆலோசனை நிறுவனம் எதுவும் வர வேண்டாம். இயந்திரங்கள் எல்லாம் நிற்கிற ஒரு விடுமுறை நாளில் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, ஷெட்டுக்குள் நடந்தால் போதும். 'உஸ்ஸ்' என்ற சத்தம் நான்கு பக்கமும் கேட்கும். ஹோஸ் முனை, ரெகுலேட்டர், தேய்ந்த ஓ-ரிங், எப்போதோ கழற்றிக் கொண்டுபோன இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்து இன்னும் மூடப்படாத ஒரு குழாய். சோப்புத் தண்ணீரைப் பூசினால் குமிழ் விடும். பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் சில்லறைச் சாமான்களும் போதும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் உதவியாளர் ஒருவர் இதைத் தானாகவே செய்யத் தொடங்கினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. காற்று கசிகிற இடத்திலெல்லாம் மெல்லிய துணிக் கிழிசலை நூல் போட்டுக் கட்டினார். கசிவு பெரிதாக இருக்கும் இடத்தில் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். சின்னக் கசிவில் லேசாக அசையும். எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. மீட்டர் கிடையாது, செலவு கிடையாது. நான் பார்த்த பசுமைக் கண்டுபிடிப்புகளில் இதைவிட அழகான ஒன்றை இன்றுவரை பார்த்ததில்லை. இரண்டு வாரத்தில் ஒரு தணிக்கை வந்தது. இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவருடைய மேற்பார்வையாளர் துணிகளை அவிழ்க்கச் சொன்னார். துணிகள் போயின. கசிவுகள் அங்கேயே இருந்தன. அந்த உதவியாளர் அதற்குப் பிறகு எதையும் கட்டவில்லை.

அந்த மேற்பார்வையாளர் மோசமான மனிதர் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் எதற்காக அளக்கப்படுகிறார் என்று பாருங்கள். அன்றைக்கு எத்தனை உருப்படி வெளியே போனது, எத்தனை ரிஜெக்ட் ஆனது, ஓவர்டைம் எவ்வளவு, தணிக்கையில் எத்தனை குறை எழுதினார்கள். கசிவைச் சரிசெய்ய வரிசையை ஒரு மணி நேரம் நிறுத்தினால் அந்த நஷ்டம் அவர் கணக்கில் வரும். மிச்சமாகும் மின்சாரமோ மொத்த ஆலையின் பில்லில் கரைந்துவிடும். அந்தப் பில்லை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. செலவு அவருக்கு, வரவு வேறு யாருக்கோ. இந்த ஏற்பாட்டில் எந்த மனிதனை உட்கார வைத்தாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் சொல்வான்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் விஷயத்தில் முன்னணியில் இருந்த நிறுவனங்களின் ஊழியர்களிடம் கேத்தரின் ராமஸ், உல்ரிச் ஸ்டீகர் என்ற இரு ஆய்வாளர்கள் விசாரித்து 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறுவனம் இதை உண்மையிலேயே விரும்புகிறது, தன் நேர் மேலதிகாரி தனக்குத் துணை நிற்பார் என்று நம்புகிற ஊழியர்தான் சுற்றுச்சூழலுக்கான புது முயற்சியில் துணிந்து இறங்குகிறார் என்பது அதன் சாரம். ஊழியரின் பார்வையிலிருந்து யோசித்தால் இதில் வியப்பில்லை. தலைவரை அவர் வருஷத்துக்கு ஒருமுறை மேடையில் பார்க்கிறார். மேலதிகாரியின் முகத்தைத் தினமும் காலையில் பார்க்கிறார்.

ஆகவே மனிதவளத் துறையினருக்கு என் முதல் வேண்டுகோள், நடுமட்டத்தில் இருப்பவரின் அப்ரைசல் படிவத்தை மாற்றுங்கள் என்பதே. தன் குழுவில் வந்த யோசனைகளில் எத்தனைக்குப் பதில் சொன்னார், எத்தனையைச் சோதித்துப் பார்க்க நேரம் ஒதுக்கினார் என்பதை அவருடைய மதிப்பீட்டில் சேருங்கள். எத்தனை யோசனை வந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். "ஆளுக்கு மாதம் இரண்டு யோசனை" என்று டார்கெட் வைத்த இடங்களை எனக்குத் தெரியும். மாதக் கடைசி நாளில் எல்லோரும் உட்கார்ந்து, "விளக்கை அணைக்கவும்" என்று எழுதிப் போட்டுவிட்டுப் போவார்கள். எண்ணிக்கை நிறையும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, சோதனைக்கான நேரத்தை உற்பத்தித் திட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். சோதனையின்போது நின்ற நேரத்தை அந்த ஷிப்ட்டின் நஷ்டமாகக் கணக்கிடக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் மாதக் கடைசியில் அது காற்றோடு போய்விடும்.

மனிதவள ஆய்வுகளில் திறமை, ஊக்கம், வாய்ப்பு என்று மூன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். சுற்றுச்சூழல் நோக்கோடு ஊழியர்களை நிர்வகிக்கும் பசுமை மனிதவள மேலாண்மை பற்றி டக்ளஸ் ரென்விக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இந்த மூன்றை வைத்துத்தான் அலசுகிறது. நான் பார்த்தவரை உங்கள் பணமெல்லாம் முதல் இரண்டுக்கே போகிறது. பயிற்சி வகுப்பு நடக்கிறது, உறுதிமொழி எடுக்கிறோம், கேடயம் தருகிறீர்கள். வாய்ப்புக்கு வரும்போது கை சுருங்கிவிடுகிறது. கற்றுக்கொண்டதைச் செய்து பார்க்க நேரமும், சின்னதாய் ஒரு தொகையும், தவறினால் பழி வராது என்ற உத்தரவாதமும் இல்லாமல் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால், திரும்பி வந்தபின் அவருக்கு மன உளைச்சல்தான் மிஞ்சும். எது தப்பாக நடக்கிறது என்று இப்போது அவருக்குத் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புவி வெப்பமாதல் பற்றிப் பொதுவான படங்களைக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அவரவர் கையில் இருக்கிற இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். மையவிலக்கு மின்விசிறியோ பம்ப்போ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்குப்படி ஏறி இறங்குகிறது. பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, வால்வைப் பாதி மூடி நீரோட்டத்தைக் குறைக்கிற ஆலைகள் இன்றும் ஏராளம். இந்த ஒரு விஷயத்தைப் புரியும்படி சொல்லிக் கொடுத்தால் போதும், ஓர் ஆபரேட்டர் ஆலையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். மோட்டார்களால் ஓடும் சாதனங்களே உலகின் மின்சாரத்தில் சுமார் 45 சதவீதத்தைப் பயன்படுத்துகின்றன என்று சர்வதேச எரிசக்தி முகமை வெளியிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. எங்கே கை வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு தேவையில்லை.

மூன்றாவது வேண்டுகோள்தான் எனக்கு மிக முக்கியமானது. அதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தன் யோசனையால் தன் வேலையோ பக்கத்து ஆளின் வேலையோ போய்விடும் என்று பயப்படுகிறவர் வாயே திறக்க மாட்டார். கழுவும் கட்டம் ஒன்றைக் குறைத்தால் தண்ணீரும் ரசாயனமும் மிச்சம். ஆனால் அந்தக் கட்டத்தில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அந்தக் கட்டம் தேவையில்லை என்று அந்த இருவருக்கும் நன்றாகத் தெரியும். உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். அவர்கள் ஏன் சொல்ல வேண்டும்? ஊழியர் கொடுத்த யோசனையால் யாரும் வேலை இழக்க மாட்டார், வேறு வேலைக்கு மாற்றப்பட்டாலும் சம்பளம் குறையாது என்று தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தை ஒவ்வொரு பிரிவிலும் ஒட்டுங்கள். அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள். ஒருமுறை மீறினால் அப்புறம் பத்து வருஷத்துக்கு எந்தப் பெட்டியிலும் எந்தச் சீட்டும் விழாது.

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் இதில் சேர்க்க வேண்டும். துப்புரவு, கழிவு அகற்றுதல், பொதி கட்டுதல், சுமை ஏற்றுதல் ஆகிய வேலைகளைப் பல இடங்களில் அவர்களே செய்கிறார்கள். எதெது குப்பைக்குப் போகிறது என்று கையால் தொட்டு அறிந்தவர்கள் அவர்கள். உங்கள் யோசனைத் திட்டத்தின் விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். "நிரந்தர ஊழியர்கள் மட்டும்" என்று அதில் இருந்தால், கழிவைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள்.

பரிசு கொடுப்பதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய தொகையை ஒருவருக்குக் கொடுத்தால் யாருடைய யோசனை என்ற சண்டை வரும். குழுவுக்குக் கொடுங்கள். அதைவிட முக்கியம், யோசனை சொன்னவரின் பெயர் கடைசி வரை அதோடு இருக்க வேண்டும். ஆபரேட்டர் சொன்னது மேனேஜரின் பவர்பாயிண்ட்டில் பெயரில்லாமல் போய், மேனேஜருக்குக் கைதட்டல் கிடைக்கிற காட்சியைப் போல மனதை முறிப்பது வேறெதுவும் இல்லை.

பதில் சொல்வதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டொயோட்டா நிறுவனம் 1951இல் தன் ஊழியர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைவரான ஈஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே இருந்த திட்டத்தின் தாக்கத்தில் உருவானது இது. அந்தத் திட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இவ்வளவு காலம் ஒரு திட்டம் ஓட வேண்டுமானால், போட்ட சீட்டுக்குப் பதில் வரும் என்ற நம்பிக்கை கீழே இருப்பவருக்கு இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் ஒரு யோசனைக்கு எத்தனை நாளில் பதில் போகிறது? முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். ஆனால் காரணத்தோடு, சொன்னவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் அவரே அடுத்த தடவை அதைச் சுற்றி வேறு வழி கண்டுபிடிப்பார். மௌனம்தான் அவரைத் திருப்பி அனுப்புகிறது.

இனித் தலைவர்களிடம் பேசுகிறேன். மனிதவளத் துறை எவ்வளவு நல்ல படிவம் போட்டாலும், பணமும் நேரமும் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள்தான்.

இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலியத்திலிருந்து வரும் மூலப்பொருள்களை நம்பியே நடந்த தொழில். 1973இல் அதைத் தொடங்கிய ரே ஆண்டர்சனிடம், சுற்றுச்சூழலுக்கு உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்ற வாடிக்கையாளர்களின் கேள்வி 1994இல் வந்து சேர்ந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறோம் என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. அங்கிருந்து அவர் தன் நிறுவனத்தையே திருப்பினார். 2020க்குள் சுற்றுச்சூழலுக்கு எந்தக் கெடுதலும் செய்யாத நிலையை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார். எப்படி என்று அப்போது அவருக்கே தெரியாது. கேள்வியை ஊழியர்களிடம் விட்டார்.

அதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. இயற்கை ஒரு தரையை எப்படி வடிவமைக்கும் என்று பார்த்து வர, வடிவமைப்பாளர்கள் காட்டுக்குப் போனார்கள். காட்டுத் தரையில் இலையும் சுள்ளியும் கல்லும் கலந்து கிடக்கின்றன. ஓர் அடி இன்னோர் அடியைப் போல இல்லை. ஆனாலும் மொத்தத்தில் பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது. அதிலிருந்து, ஒன்றைப் போல இன்னொன்று இல்லாத விரிப்புச் சதுரங்களை உருவாக்கினார்கள். எந்தத் திசையிலும் பதிக்கலாம். வெட்டி வீணாவது குறைந்தது. நிறச் சாயல் கொஞ்சம் மாறினாலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு சதுரம் கறைபட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும், புதியது துருத்திக்கொண்டு தெரியாது. விற்பனையிலும் அது மிகப்பெரிய வெற்றி. வேலை நேரத்தில் காட்டில் நடந்து வர வடிவமைப்பாளர்களை அனுப்புகிற துணிச்சல் தலைமைக்கு இருந்ததால் வந்தது இது. ஆண்டர்சன் 2011இல் மறைந்தார். நிறுவனம் அந்தப் பாதையை விடவில்லை. 2019இல் அந்த இலக்கை எட்டிவிட்டதாக அறிவித்தது. தலைவர் போன பிறகும் ஓடுகிறது என்றால் அது ஒருவரின் பேச்சாக மட்டும் இல்லாமல் எல்லோருடைய வேலையாக மாறியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் அகப்பட்டது. பரிசோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டு, அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள். உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அந்த நிறுவனமே தந்த விளக்கத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில் டீசல் கார்களைப் பெருமளவில் விற்பது என்று மேலே முடிவானது. குறித்த காலத்துக்குள், குறித்த பட்ஜெட்டுக்குள் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு அங்கிருந்த வரம்பை நேர்மையான வழியில் எட்ட முடியவில்லை. விதிமீறலைச் சகித்துக்கொள்ளும் மனப்போக்கு நிறுவனத்தின் சில பகுதிகளில் இருந்தது என்று அதன் மேற்பார்வைக் குழுத் தலைவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பொறியாளர்களுக்கும் புத்தாக்கத் திறன் இருந்தது. அது மோசடிக்குப் போனது. கடினமான இலக்கு வைப்பது தலைவரின் உரிமை. ஆனால் "இது இந்த நேரத்தில், இந்தப் பணத்தில் முடியாது" என்று சொல்ல வருபவர் உங்கள் அறைக்குள் பயமில்லாமல் வர முடிகிறதா? முடியாது என்றால், உங்கள் மேசைக்கு வரும் பசுமை எண்களை நம்பாதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் 2012இல் ஓர் உள் ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு பிரிவும் தான் உண்டாக்கும் கார்பன் உமிழ்வுக்கு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கட்டணம் கட்ட வேண்டும். சேரும் பணம் ஆற்றல் சிக்கனத்துக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கும் போகும். இதில் தொகையைவிட முக்கியம், உமிழ்வு அந்தந்த மேலாளரின் பட்ஜெட்டில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்ததே. நான் முன்பு சொன்ன மேற்பார்வையாளரின் பிரச்சினைக்கு இதுதான் மருந்து. நீங்கள் இவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. பிரிவுவாரியாக மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் மீட்டர் வையுங்கள். மிச்சமானதில் ஒரு பங்கை அந்தப் பிரிவுக்கே திருப்பிக் கொடுங்கள், அடுத்த சோதனைக்கு. பர்சேஸ் பிரிவு விலை குறைந்த மோட்டாரை வாங்கிவிட்டு மிச்சம் பிடித்ததாகப் பாராட்டு வாங்குகிறது. ஒரு மோட்டாரின் ஆயுள் முழுவதும் ஆகும் செலவில் வாங்கிய விலை மிகச் சிறிய பங்கு. பெரும்பகுதி அது தின்னும் மின்சாரம். ஓட்டுகிற செலவையும் சேர்த்துப் பார்த்து வாங்கச் சொல்லி ஓர் உத்தரவு போட உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14001 சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். அதன் 2015 பதிப்பு, பொறுப்பை உயர்மட்டத் தலைமையின் மேலேயே வைத்தது. நிர்வாகப் பிரதிநிதி என்று தனியாக ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. "அதையெல்லாம் சுற்றுச்சூழல் அதிகாரி பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு ஒதுங்க இனி வழியில்லை. ஆனாலும் பல இடங்களில் தணிக்கைக்கு முந்தைய வாரம் மட்டும்தான் அந்தக் கோப்பு திறக்கப்படுகிறது.

அலுவலக நிறுவனங்களை நடத்துகிறவர்கள் இது புகைபோக்கி உள்ளவர்களுக்கான கடிதம் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி யாருமில்லாத தளத்தில் ஏசி ஓடுவதைக் காவலாளி பார்க்கிறார். யாரும் பயன்படுத்தாத சர்வர்கள் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதை உங்கள் மென்பொருள் ஆட்கள் அறிவார்கள். "அதை அணைத்தால் ஏதாவது உடைந்துவிட்டால் என்மேல் வரும்" என்ற பயத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். இடம்தான் வேறு, பிரச்சினை அதேதான்.

கீழிருந்து வரும் யோசனைகளால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 3எம் நிறுவனம் 1975இல் மாசு தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாசை வெளியே வந்த பிறகு சுத்தம் செய்வதைவிட உண்டாகும் இடத்திலேயே தடுப்பது லாபம் என்ற எண்ணத்தில், ஊழியர்கள் விருப்பத்தோடு திட்டங்களைக் கொண்டுவந்தார்கள். உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் திட்டம் அது, சொல்லத் தகுந்ததும்கூட. அதே நிறுவனம் எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களைப் பல பதிற்றாண்டுகளாகத் தயாரித்தது. குடிநீரில் அவை கலந்த வழக்குகளில், அமெரிக்கப் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்கு ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் தர 2023இல் சம்மதித்தது. எந்தக் குழாயை எப்படி அடைப்பது என்பதை ஆலைத் தளத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். எந்தப் பொருளைத் தயாரிக்கலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை அவர் முடிவு செய்ய முடியாது. அது உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஊழியர்களின் பசுமை முயற்சிகளை அறிக்கையின் அட்டையில் போட்டுவிட்டு அந்த முடிவைத் தள்ளிப்போட்டால், அவர்கள் உழைப்பை மறைப்புத் துணியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றே ஆகும். அதை அவர்கள் புரிந்துகொள்வார்கள். அந்த அறிவிப்பைக் கேட்கிறபோது அவர்களுடைய முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் உடனடியாகக் கேட்பது இதுதான். அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு, கடந்த ஓராண்டில் ஊழியர்கள் கொடுத்த சுற்றுச்சூழல் யோசனைகளின் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்றவை மட்டும் வேண்டாம், கிடப்பில் கிடப்பவையும் தள்ளுபடியானவையும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் சொன்னது, யார் பதில் சொன்னார், எந்தத் தேதியில் என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். பட்டியலே இல்லை என்று பதில் வந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். பதில் போகாதவற்றில் ஐந்தை நீங்களே எடுத்து, சொன்னவரை அவர் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பாருங்கள். உங்கள் அறைக்குக் கூப்பிடாதீர்கள். மேற்பார்வையாளரும் உடன் இருக்கட்டும். அந்த ஐந்தைச் சோதித்துப் பார்க்க எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று அங்கேயே கேட்டு, அங்கேயே ஒப்புதல் கொடுங்கள். மனிதவளத் துறைத் தலைவர் அன்றைக்கே அந்த மேற்பார்வையாளரின் இந்த ஆண்டு அப்ரைசலில் அதை ஒரு வரியாகச் சேர்க்கட்டும்.

அன்புடன்,
பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் ஒரு பொறியாளர்